சர்வரில் வேறு கெர்னல்: வாசகர் கேள்விகள்

இரண்டு மாதத்துக்கு முன் லினக்ஸ் அப்டேட் பற்றி எழுதியதிலிருந்து வருகிற கடிதங்களில் பாதிக்கு மேல் கெர்னலை, அதாவது ஹார்டுவேரை இயக்குகிற லினக்ஸின் மையப் பகுதியைப் பற்றித்தான். டிஸ்ட்ரோவோடு (டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ் தொகுப்பு) வந்த கெர்னலை விட்டுவிட்டு வேறொன்றைச் சர்வரில் போடலாமா, போட்டேன் கிளம்பவில்லை, போட்டும் மாறவில்லை என்று ஆளுக்கொரு சிக்கல். அதனால் இந்த மாதம் முழுக்க இதற்கே ஒதுக்கிவிட்டேன்.

சார், எங்கள் அலுவலக சர்வர் சென்னையில் ஒரு டேட்டா சென்டரில் இருக்கிறது, டெபியன் 12. நான் திருச்சியிலிருந்து எஸ்எஸ்எச் வழியாகத்தான் பார்த்துக்கொள்கிறேன். 6.12 கெர்னலின் சோர்ஸை இறக்கி கம்பைல் செய்து, வந்த ஃபைலை பூட் டைரக்டரியில் காப்பி செய்து, கிரப்பையும் (மெஷின் கிளம்பும்போது கெர்னலை ஏற்றும் புரோகிராம்) அப்டேட் செய்துவிட்டு ரீபூட் கொடுத்தேன். அதோடு சரி, பிங் கூட இல்லை. அங்கே இருந்தவர் ஸ்கிரீனை போட்டோ எடுத்து அனுப்பினார். ரூட் ஃபைல் சிஸ்டத்தை மவுன்ட் செய்ய முடியவில்லை, 'அன்நோன் பிளாக் 0,0' என்று நிற்கிறது. டிஸ்க் போய்விட்டதா?
(திருச்சி வாசகர்)

டிஸ்க் நன்றாகத்தான் இருக்கிறது, பயப்படாதீர்கள். கெர்னல் எழுந்துவிட்டது, ஆனால் அதன் கண்ணில் ஒரு டிஸ்க்கும் படவில்லை, அந்த 0,0 சொல்வது அவ்வளவுதான். டெபியனின் கெர்னல் கான்ஃபிகில் டிஸ்க் கன்ட்ரோலர் டிரைவர், ஈஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டம் போன்றவை எல்லாம் மாட்யூல்களாக, தனித்தனி ஃபைல்களாக இருக்கும். அந்த ஃபைல்கள் இருப்பதோ டிஸ்கில். டிஸ்கைப் படிக்க மாட்யூல் வேண்டும், மாட்யூலை எடுக்க டிஸ்கைப் படிக்க வேண்டும், சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதை. இதற்காகத்தான் முதலில் தேவைப்படும் மாட்யூல்களை ஒரு மூட்டையாகக் கட்டி இனிட்ராம்எஃப்எஸ் என்ற ஃபைலாக வைக்கிறார்கள், கிரப் அதைக் கெர்னலோடு சேர்த்து மெமரியில் ஏற்றிவிடும். நீங்கள் கையால் காப்பி செய்தது கெர்னலை மட்டும்தான், மூட்டை கட்டப்படவே இல்லை.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது: அங்கிருப்பவரிடம் கீபோர்டை இணைத்து ரீபூட் செய்யச் சொல்லி, கிரப் மெனுவில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' உள்ளே போய்ப் பழைய 6.1 கெர்னலைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். பழையதை நீங்கள் அழிக்கவில்லை என்று நம்புகிறேன். மெஷின் வந்ததும் புதுக் கெர்னலின் மாட்யூல்களும் இன்ஸ்டால் ஆகியிருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, அந்தப் பதிப்புக்கு 'அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ்' ஓட்டலாம். ஆனால் என் யோசனை, அந்தக் காப்பி செய்த ஃபைலைத் தூக்கிவிட்டு மறுபடி 'பின்டெப்-பேக்கேஜ்' முறையில் கம்பைல் செய்யுங்கள், டெப் பேக்கேஜாகவே வரும், அதை இன்ஸ்டால் செய்யும்போது மூட்டை கட்டுவது, கிரப்பில் சேர்ப்பது எல்லாம் தானாக நடக்கும், வேண்டாம் என்றால் சுத்தமாக நீக்கவும் முடியும். கம்பைல் செய்யும்போது டீபக் தகவலை அணைத்துவிடுங்கள். அதை விட்டுவிட்டால் மாட்யூல்கள் ஊதிப்போய், மூட்டை சில நூறு எம்பிக்குப் போய், தனி பூட் பார்ட்டிஷன் இருந்தால் அது நிரம்பிவிடும். பாதி எழுதிய மூட்டையோடு ரீபூட் செய்தால் மறுபடி இதே மாதிரிக் கிளம்பாமல் நிற்கும்.

சரி, நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது இனிமேல்தான். தொலைவில் இருக்கிற மெஷினில் புதுக் கெர்னல் போடுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: இது கிளம்பவில்லை என்றால், இங்கே உட்கார்ந்தபடி அந்த ஸ்கிரீனை என்னால் பார்க்க முடியுமா? ஐபிஎம்ஐ, ஐடிராக், ஐலோ என்று கம்பெனிக்கு ஒரு பெயரில் ரிமோட் கன்சோல் இருக்கும். ரீபூட் கொடுப்பதற்கு முன்பே அதில் லாகின் செய்து, கிரப் மெனு தெரிகிறதா, அம்புக்குறி கீ வேலை செய்கிறதா என்று ஒருமுறை பழைய கெர்னலோடு ரீபூட் செய்து பார்த்துவிட வேண்டும். பாஸ்வேர்டு இருக்கிறது என்று எழுதி வைத்திருப்பார்கள், அவசரத்தில் பார்த்தால் அது வேலை செய்யாது. பலமுறை பார்த்திருக்கிறேன்.

அடுத்து, புதுக் கெர்னலை டீஃபால்ட்டாக வைக்காதீர்கள். கிரப் செட்டிங்கில் டீஃபால்ட்டை 'சேவ்டு' என்று மாற்றி, பழைய கெர்னலையே டீஃபால்ட்டாகப் பதிந்துவிட்டு, 'கிரப்-ரீபூட்' கமாண்டில் புதியதைக் கொடுத்தால், அடுத்த ஒரே ஒரு பூட்டுக்கு மட்டும் புதியது எழும், அதற்கடுத்த முறை பழையதுக்கே திரும்பிவிடும். புதியது சப்மெனுவுக்குள் இருந்தால் சப்மெனு பெயர், பெரிது குறி, அப்புறம் உள்ளே உள்ள பெயர் என்று கொடுக்க வேண்டும், இது தெரியாமல் பெயரை மட்டும் கொடுத்துவிட்டு வேலை செய்யவில்லை என்பவர்கள் நிறைய. இதோடு கெர்னல் கமாண்ட் லைனில் 'பேனிக்=10' என்று சேர்த்துவிடுங்கள். சாதாரணமாகக் கெர்னல் பேனிக் ஆனால், அதாவது மீள முடியாத பிழையில் விழுந்தால், உங்கள் போட்டோவில் இருக்கிற மாதிரி அப்படியே உறைந்து நிற்கும், இதைச் சேர்த்தால் 10 விநாடி கழித்துத் தானே ரீபூட் ஆகிவிடும். டெபியனின் இனிட்ராம்எஃப்எஸ்ஸும் இதே வார்த்தையைப் படித்துக்கொள்ளும், ரூட் டிஸ்க் கிடைக்காமல் பிஸிபாக்ஸ் ஷெல்லில் (கமாண்டுக்காகக் காத்திருக்கும் ஸ்கிரீன்) போய் நிற்பதற்குப் பதிலாக ரீபூட் செய்யும். இரண்டும் சேர்ந்தால், புதியது விழுந்தாலும் இரண்டு மூன்று நிமிடத்தில் மெஷின் பழைய கெர்னலோடு எழுந்து நிற்கும். இது மட்டும் இருந்திருந்தால் நீங்கள் அந்த போட்டோவுக்காகக் காத்திருந்திருக்க வேண்டியதில்லை.

இதில் ஒரு ஓட்டை இருக்கிறது, சர்வர்களில் அது அடிக்கடி வரும். 'ஒரு முறை மட்டும்' என்ற குறிப்பை கிரப் பூட் ஆகும்போதே டிஸ்கில் எழுதி அழிக்க வேண்டும். பூட் டைரக்டரி சாஃப்ட்வேர் ரெய்டிலோ எல்விஎம்மிலோ (பல டிஸ்குகளை ஒன்றாக்கிக் காட்டும் முறைகள்) இருந்தால் கிரப்பால் அங்கே எழுத முடியாது, படிக்கத்தான் முடியும். 'டிஸ்க்ஃபில்டர் ரைட்ஸ் ஆர் நாட் சப்போர்ட்டட்' என்று ஸ்கிரீனில் ஒரு வரி வந்து போகும். அப்போது குறிப்பு அழியாது, ஒவ்வொரு ரீபூட்டிலும் அதே கெட்ட கெர்னலே எழுந்து, விழுந்து, எழுந்துகொண்டிருக்கும். இரண்டு டிஸ்கை மிரர் செய்து வைத்திருப்பவர்கள் இதை முதலில் பாருங்கள். அவர்களுக்கு ரிமோட் கன்சோலைத் தவிர வேறு வழி இல்லை.

பேனிக் ஆகாமல், நன்றாக எழுந்தும் நெட்வொர்க் மட்டும் வராமல் போவது இன்னொரு வகை. கெர்னல் மாறினால் நெட்வொர்க் கார்டின் பெயரே மாறலாம், கடைசியில் ஒரு 'என்பி0' ஒட்டிக்கொள்ளும், உங்கள் கான்ஃபிகில் பழைய பெயர் இருக்கும், ஐபி ஏறாது. 2024 ஏப்ரலில் விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் பிராக்ஸ்மாக்ஸ் 8.2 வந்து 6.8 கெர்னலுக்கு மாறியபோது இதை வெளியீட்டுக் குறிப்பிலேயே எச்சரித்திருந்தார்கள். மேக் அட்ரஸை வைத்துப் பெயரை நிலையாகக் கட்டிவிடுங்கள், சிஸ்டம்டியின் லிங்க் ஃபைல் ஒன்று போதும். இதற்கும் மேலே ஒரு பாதுகாப்பாக, வேலைகளைத் தானாக ஓட்டும் கிரானில் '@ரீபூட்' என்று ஒரு வரி: ஓடுவது புதுக் கெர்னல் பதிப்பாக இருந்து, 15 நிமிடத்துக்குள் நான் வந்து ஒரு குறிப்பிட்ட ஃபைலை உருவாக்கவில்லை என்றால் ரீபூட் செய். பதிப்பைச் சரிபார்க்கும் பகுதியை விட்டுவிடாதீர்கள், விட்டால் பழைய கெர்னலும் 15 நிமிடத்துக்கு ஒருமுறை ரீபூட் ஆகிக்கொண்டே இருக்கும்.

கடைசியாக ஒரு கேள்வி உங்களுக்கு. 6.12 எதற்காக வேண்டும் என்று நீங்கள் எழுதவில்லை. புது ஹார்டுவேருக்காக என்றால் டெபியன் 12-இன் பேக்போர்ட்ஸ் என்ற, புதிய பேக்கேஜ்கள் கிடைக்கும் களஞ்சியத்திலேயே 6.12 கெர்னல் கட்டித் தயாராக இருக்கிறது, கம்பைலே தேவை இல்லை. டெபியன் 13-க்கு மாறினால் அதன் சொந்தக் கெர்னலே 6.12 தான்.

ராக்கி லினக்ஸ் 8 வைத்திருக்கிறோம். கெர்னல் 4.18 என்று காட்டுகிறது, இது 2018-இல் வந்தது. செக்யூரிட்டி ஸ்கேன் ரிப்போர்ட்டில் பக்கம் பக்கமாகச் சிவப்பு. ஈஎல்ரெப்போ என்ற வெளிக் களஞ்சியத்திலிருந்து புதுசு போட்டுவிடவா?
(ஈரோடு)

வேண்டாம். அந்த எண்ணை நம்பாதீர்கள், அதற்குப் பின்னால் இருக்கிற நீளமான எண்ணைப் பாருங்கள். 4.18-க்குப் பிறகு ஹைஃபன் போட்டு 553 என்று ஏதோ வரும், அதுதான் உண்மையான வயது. ரெட்ஹேட் ஒரு பதிப்பை எடுத்துக்கொண்டு அதன் ஆயுள் முழுக்க எண்ணை மாற்றாமல், மேலே வரும் திருத்தங்களைப் பின்னோக்கி எடுத்துவந்து ஒட்டிக்கொண்டே இருக்கிறது. ராக்கியும் அல்மாவும் அதைப் பின்பற்றுகின்றன. வெறும் 4.18 என்பதை மட்டும் படிக்கிற ஸ்கேனர் 2018-க்குப் பிறகு வந்த ஓட்டைகள் எல்லாம் திறந்திருக்கின்றன என்று எழுதிவிடும். ரிப்போர்ட்டில் உள்ள சிவிஇ எண்களை (ஒவ்வொரு ஓட்டைக்கும் தரும் பதிவு எண்) ரெட்ஹேட்டின் தளத்தில் போட்டுப் பாருங்கள், எந்தப் பேக்கேஜில் சரியானது என்று இருக்கும், அதையே ஆடிட்டருக்குக் கொடுக்கலாம்.

ஈஎல்ரெப்போ நல்ல களஞ்சியம்தான், குறை சொல்லவில்லை. அதில் நீண்டகால ஆதரவுக் கிளை 'எல்டி', புத்தம் புதியது 'எம்எல்' என்று இரண்டு உண்டு. ஆனால் அதைப் போட்ட நிமிடத்திலிருந்து நீங்கள் ஓட்டுவது ரெட்ஹேட் சோதித்த கெர்னலை அல்ல, உங்கள் டேட்டாபேஸ், பேக்கப், ஆன்ட்டிவைரஸ் விற்றவர்கள் 'சப்போர்ட் கிடையாது' என்று கையை விரிக்க அது ஒரு காரணமாகிவிடும். உங்கள் சிக்கல் ஒரு ரிப்போர்ட். அதற்குக் கெர்னலை மாற்றுவது தேவையில்லாத ஆபத்து.

மாதம் 250 ரூபாய்க்கு ஒரு விபிஎஸ் (வாடகை மெய்நிகர் சர்வர்). புதுக் கெர்னல் இன்ஸ்டால் ஆகிவிட்டது, எரர் எதுவும் இல்லை, ஆனால் எத்தனை முறை ரீபூட் செய்தாலும் 'யூநேம்' பழைய எண்ணையே காட்டுகிறது.
(நாகர்கோவில்)

'சிஸ்டம்டி-டிடெக்ட்-வெர்ட்' என்று அடித்துப் பாருங்கள். ஓபன்விஇசட் என்றோ எல்எக்ஸ்சி என்றோ வந்தால், உங்களுக்குத் தந்திருப்பது கன்டெய்னர். அதற்கென்று தனிக் கெர்னலே கிடையாது, அடியில் இருக்கிற பெரிய மெஷினின் கெர்னலைத்தான் அத்தனை வாடிக்கையாளர்களும் பகிர்ந்துகொள்கிறீர்கள். நீங்கள் போட்டது டிஸ்கில் இடத்தை அடைத்துக்கொண்டு சும்மா கிடக்கும், எடுத்துவிடுங்கள். கேவிஎம் என்று வந்தால் கதை வேறு, அது முழு மெய்நிகர் மெஷின், அப்போது கெர்னல் உங்களுடையது. சில நிறுவனங்கள் கேவிஎம்மிலும் கெர்னலை வெளியிலிருந்து கொடுக்கும், அவர்களின் கன்ட்ரோல் பேனலில் உள்ளே இருக்கும் கிரப்பைப் பயன்படுத்து என்று மாற்ற இடம் இருக்கும்.

ஒரு வருடத்துக்கு முன்பு சொந்தமாக கம்பைல் செய்த 6.6 கெர்னலைப் போட்டேன். டெபியன் 12. பிரச்சினை ஒன்றுமில்லை, அருமையாக ஓடுகிறது. தானியங்கி அப்டேட்டும் ஆன் செய்திருக்கிறேன். வேறு ஏதாவது கவனிக்க வேண்டுமா?
(சேலம்)

உங்கள் கடிதம்தான் இந்த மாதம் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது. கிளம்பாத கெர்னல் அன்றைக்கே தெரிந்துவிடும். அருமையாக ஓடுகிற கெர்னல் தெரியாது.

என்ன நடக்கிறது என்று பாருங்கள். தானியங்கி அப்டேட் டெபியனின் 6.1 கெர்னலை ஒழுங்காகப் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறது. லாகில் 'கெர்னல் அப்டேட் ஆனது' என்று பார்த்து நீங்களும் நிம்மதியாக இருக்கிறீர்கள். ஆனால் கிரப் மெனுவில் பதிப்பு எண் பெரியதுதான் முதலில் நிற்கும், டீஃபால்ட் என்பது முதலில் நிற்பது. 6.1-இல் எத்தனை திருத்தம் வந்தாலும் அது 6.6-க்குக் கீழேதான். ஆகவே ஒவ்வொரு ரீபூட்டிலும் எழுவது ஒரு வருடத்துக்கு முன் நீங்கள் கட்டிய அதே கெர்னல், ஒரு வருடமாக ஒரு திருத்தமும் பார்க்காதது. திருத்தப்பட்ட கெர்னல்கள் அதற்கடியில் வரிசையாகப் படுத்திருக்கின்றன.

இதன் விலை என்ன என்பதற்கு 2022 மார்ச்சில் வெளியான 'டர்ட்டி பைப்' ஓட்டையைச் சொல்லலாம், மேக்ஸ் கெல்லர்மேன் கண்டுபிடித்தது. படிக்க மட்டும் அனுமதி உள்ள ஃபைலில் சாதாரண யூசர் ஒருவர் எழுதிவிட முடியும், அங்கிருந்து ரூட் ஆவது எளிது. 5.8 முதல் இருந்த ஓட்டை. 5.16.11, 5.15.25, 5.10.102 ஆகியவற்றில் அடைத்தார்கள். டிஸ்ட்ரோ கெர்னல் வைத்திருந்தவர்கள் ஒரு அப்டேட், ஒரு ரீபூட், முடிந்தது. 5.10.90 என்று சொந்தமாகக் கட்டி வைத்திருந்தவருக்கு யாரும் மணி அடிக்கவில்லை, அவரே செய்தியைப் படித்து, அவரே சோர்ஸை இறக்கி, அவரே கட்டியிருக்க வேண்டும்.

புதியதை உடனுக்குடன் போட்டாலே போதும் என்றும் நினைத்துவிட முடியாது. 2023 நவம்பர் கடைசியில் வெளியான, 6.1 வரிசையின் 6.1.64-இல் ஈஎக்ஸ்டி4 டேட்டாவையே கெடுக்கிற பிழை புகுந்துவிட்டது. டெபியன் அப்போது 12.3 வெளியிடும் தறுவாயில் இருந்தது, நிறுத்திவிட்டு, திருத்திய கெர்னலோடு டிசம்பர் 10 அன்று 12.4 என்று வெளியிட்டார்கள். அப்டேட் செய்ய வேண்டாம் என்று அவர்களே அறிவித்ததால் பலர் தப்பினார்கள். சொந்தக் கெர்னல் என்றால் அந்தக் காவல் வேலையும் உங்களுடையதுதான். உங்கள் கிளையின் அறிவிப்புகளை வாரம் ஒருமுறையாவது படிக்க வேண்டும், திருத்தம் வந்தால் கட்டி, ஒரு சோதனை மெஷினில் ஓட்டி, அப்புறம் சர்வரில் போட வேண்டும். நீங்கள் விடுப்பில் போனால் யார் செய்வார் என்பதற்கும் பதில் வேண்டும். இதற்கெல்லாம் ஆள் இருக்கிறது என்றால் தாராளமாக 6.6-இலேயே இருங்கள், நீண்டகால ஆதரவுக் கிளைதான். இல்லை என்றால் இந்த வாரமே ஒரு இரவு ஒதுக்கி டிஸ்ட்ரோ கெர்னலுக்குத் திரும்பிவிடுங்கள், மேலே திருச்சி வாசகருக்குச் சொன்ன அதே ஒருமுறை பூட் முறையில்.

கம்பைல் செய்ய மூன்று மணி நேரம் ஆகிறது. 'லோக்கல்மாட்கான்ஃபிக்' பயன்படுத்தினால் 15 நிமிடத்தில் முடிகிறதே, சர்வருக்கு அதையே பயன்படுத்தலாமா?
(மதுரை)

அது இந்த நிமிடம் மெமரியில் ஏறியிருக்கிற மாட்யூல்களை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை விட்டுவிடும். இந்த நிமிடம் என்பதுதான் சிக்கல். பல வருடங்களுக்கு முன் ஒரு சர்வருக்கு நான் அப்படித்தான் செய்தேன். மெஷின் ஒரே முயற்சியில் எழுந்தது, எல்லாம் வேலை செய்தது, மறந்துவிட்டேன். இரண்டு மாதம் கழித்துக் கணக்கு முடிக்கிற இரவில், மாதம் ஒருமுறை மட்டும் செருகுகிற பேக்கப் டிஸ்கை அங்கே ஒருவர் செருகினார். அந்த டிஸ்கில் இருந்தது எக்ஸ்எஃப்எஸ். நான் கம்பைல் செய்த அன்று அது செருகியிருக்கவில்லை, அதனால் எக்ஸ்எஃப்எஸ் மாட்யூலே கெர்னலில் இல்லை. 'இந்த ஃபைல் சிஸ்டம் தெரியாது' என்று வந்தது. முந்தைய மாதமும் இதே எரர் வந்து பேக்கப் எடுக்கப்படவே இல்லை என்பது லாகைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. டேட்டா எதுவும் போகவில்லை, ஆனால் அந்த இரண்டு மாதம் டிஸ்க் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன். டிஸ்ட்ரோவின் கான்ஃபிக் ஃபைலை எடுத்து 'ஓல்டுடீஃப்கான்ஃபிக்' கொடுத்துக் கட்டுங்கள். மூன்று மணி நேரம் மெஷின்தானே உழைக்கிறது, உழைக்கட்டும். டெபியன், உபுண்டுவின் கான்ஃபிகை எடுக்கும்போது மட்டும் நம்பகச் சான்றிதழ் என்ற வரி உங்களிடம் இல்லாத ஒரு பெம் ஃபைலைக் காட்டும், அதைக் காலி செய்துவிடுங்கள், இல்லாவிட்டால் பாதியில் எரர் வந்து நிற்கும்.

பிபிஆர் போட்டால் வெப்சைட் வேகமாகும் என்று ஒரு ஸ்கிரிப்ட் கிடைத்தது. ஓட்டினால் கெர்னலையே மாற்றும் என்கிறது. ஓட்டலாமா? சர்வர் உபுண்டு 22.04.
(புதுச்சேரி)

ஓட்டாதீர்கள். கூகுள் எழுதிய பிபிஆர் (நெட்வொர்க் நெரிசலைச் சமாளிக்கும் முறை) 2016 டிசம்பரில் வந்த 4.9 கெர்னலிலேயே சேர்ந்துவிட்டது, உங்களிடம் இருப்பது 5.15 அல்லது அதற்கும் மேல். சிஸ்கன்ட்ரோல் செட்டிங்கில் கன்ஜெஷன் கன்ட்ரோலை 'பிபிஆர்' என்றும் டீஃபால்ட் கியூடிஸ்கை 'எஃப்கியூ' என்றும் மாற்றினால் போதும், ரீபூட் கூட வேண்டாம். சென்ட்ஓஎஸ் 7-இல் இருந்தது 3.10 கெர்னல், அதில் பிபிஆர் கிடையாது, அதற்காக அந்தக் காலத்தில் கெர்னலை மாற்றினார்கள், அந்த ஸ்கிரிப்டுகள்தான் இன்னும் சுற்றுகின்றன. தவிர, முன்பின் தெரியாதவர் எழுதிய ஸ்கிரிப்டை ரூட்டாக ஓட்டிக் கெர்னலை மாற்ற விடுவது, வீட்டுச் சாவியைக் கொடுப்பதற்கும் மேலே.

ஓசூரில் சிறு பட்டறை. மெஷின் கன்ட்ரோலுக்கு ரியல்டைம் கெர்னல் வேண்டும். பேட்ச் எங்கே எடுப்பது?
(ஓசூர்)

பேட்ச் எடுத்து ஒட்டுகிற காலம் முடிந்துவிட்டது. ரொம்ப வருடம் தனி பேட்சாகவே இருந்த ப்ரீஎம்ட் ஆர்டி என்ற ரியல்டைம் வசதி, 2024 நவம்பரில் வெளியான 6.12-இல் முக்கியக் கெர்னலுக்குள் வந்துவிட்டது. டெபியனில் பெயரில் 'ஆர்டி' என்று வரும் கெர்னல் பேக்கேஜ் நேராகவே கிடைக்கிறது, பாதுகாப்புத் திருத்தங்களும் அதற்கு வரும். இது அசல் தேவை, தயங்காமல் போடுங்கள். ஆனால் அதே மெஷினில் பில்லிங் டேட்டாபேஸையும் ஓட்டாதீர்கள், ரியல்டைம் என்றால் தாமதம் சொன்ன அளவைத் தாண்டாது என்று பொருள், மொத்த வேலை கொஞ்சம் குறையத்தான் செய்யும்.

செக்யூர் பூட் (நம்பகமான கையெழுத்துள்ள கெர்னலை மட்டும் ஏற்றும் பாதுகாப்பு) ஆன் செய்த சர்வரில் சொந்தக் கெர்னலை கிரப் ஏற்ற மறுக்கிறது. ஆஃப் செய்துவிடவா?
(சென்னை)

ஆஃப் செய்யாமலே முடியும். சொந்தமாக ஒரு சாவி உருவாக்கி, கெர்னலில் கையெழுத்திட்டு, அந்தச் சாவியை 'மோக்யூட்டில்' மூலம் பதியலாம். தனியாகக் கட்டுகிற இசட்எஃப்எஸ், என்விடியா மாட்யூல்களுக்கும் அதே சாவியால் கையெழுத்து வேண்டும். சாவியைப் பதிந்த பிறகு அடுத்த ரீபூட்டில் நீல நிற ஸ்கிரீன் ஒன்று வந்து, பாஸ்வேர்டு கேட்டு, உறுதி செய்யச் சொல்லும். அது சில விநாடிதான் காத்திருக்கும், எஸ்எஸ்எச்சில் தெரியாது. ஆகவே ரிமோட் கன்சோலைத் திறந்து வைத்துக்கொண்டு ரீபூட் கொடுங்கள். தவறவிட்டால் மறுபடி முதலிலிருந்து பதிய வேண்டும்.